வீட்டுக் கோழிக்கு முத்துன சேவல் எங்க கிடைக்கும்?

கேள்வி, 4 செப்டம்பர் 2023

ஒட்டன்சத்திரம் பக்கம் நம்ம ஊரு. வீட்டுக்குப் பின்னாடி எட்டு நாட்டுப்பெட்டை நிக்குது. இருந்த சேவல நாய் புடிச்சிருச்சு. அஞ்சு மாச வெடச்சேவல் ஒண்ணு வாங்கி விட்டேன், பெட்டைங்க எல்லாம் சேந்து அத அடிச்சு வெரட்டுது, கொண்டையில ரத்தம். அடை வெச்ச முட்டை பூராம் கூமுட்டை. ரெண்டு வயசு சேவல் ஒண்ணு வேணும். கறிக்கடையில கூண்டுல நிக்கிறதுல பெருசா ஒண்ண எடுத்தா போதும்னு மச்சான் சொல்றாரு. சரிதானா?

5 செப்டம்பர் 2023, பதில்

மச்சான் சொல்றது குழம்புக்கு சரி. பொலிக்கு, அதான் பெட்டையோட சேர, விடுறதுக்கு கறிக்கடை ஆகாதுங்க. கடைக் கூண்டுல நாலு ஊரு கோழி ஒண்ணா நிக்கும், எது எத வாங்கிட்டு வந்துச்சுன்னு கடைக்காரருக்கே தெரியாது. அதுல ஒண்ணுக்கு வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) இருந்தா பக்கத்துல நின்னதுக்கும் ஒட்டியிருக்கும், வெளிய தெரிய அஞ்சாறு நாள் ஆகும், அதுக்குள்ள நீங்க வீட்டுல கொண்டு விட்டு எட்டு பெட்டையோடயும் பொழங்க விட்டிருப்பீங்க. இன்னொண்ணு, நாட்டுக்கோழின்னு போர்டு மாட்டி விக்கிறதுல நெறைய பண்ணையில வளந்த கலப்பு. சோனாலி, அசீல் கிராஸ் இதெல்லாம் மூணு நாலு மாசத்துல கறிக்கு வந்துரும். பாக்க பெருசா இருக்கும், வயசு இருக்காது. நீங்க தேடுறது ரெண்டு வயசு சேவல், அது கடைக்கு வரவே வராது, ஏன்னா ரெண்டு வருஷம் தீனி போட்டு கறிக்கு வளத்தா யாருக்கும் கட்டாது, கறியும் ரப்பரா இழுக்கும்.

அந்த வெடச்சேவல கோவிச்சுக்காதீங்க. அஞ்சு மாசத்துல கூவ ஆரம்பிக்கும், அதனால நாம பெரிய மனுசன் ஆயிட்டான்னு நெனைக்கிறோம். பொலிக்கு ஒழுங்கா நிக்க ஏழெட்டு மாசம் ஆகணும். அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வயசு பெட்டைங்க நடுவுல விட்டா அடி வாங்கத்தான் செய்யும், முத்துன பெட்டை எதும் சின்னப்பயல மிதிக்க விடாது. தனியா ஒரு பஞ்சாரத்துல (கோழிய மூடி வெக்கிற கூடை) போட்டு புண்ணுல மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி தேத்துங்க. வித்துராதீங்க, அது பின்னாடி உதவும், எப்பிடின்னு அப்புறம் எழுதுறேன்.

5 செப்டம்பர், ராத்திரி

கேக்க மறந்த விசயம். கூமுட்டைன்னா உடைச்சுப் பாத்தீங்களா? உள்ள ஒண்ணுமே இல்லாம தண்ணியா கெடந்தா கரு கூடலன்னு அர்த்தம், சேவல் பிரச்சினை. ரத்தக்கோடு, பாதி குஞ்சு இதெல்லாம் இருந்தா கரு கூடி நடுவுல செத்திருக்கு. அது வெயில், இல்ல முட்டைய ரொம்ப நாள் சேத்து வெச்சது, இல்ல அடைக்கோழி அடிக்கடி எந்திரிச்சுப் போறது. இத பாக்காம சேவல மட்டும் மாத்திட்டு திரும்பவும் கூமுட்டைன்னு வந்து நிக்கிறவங்க ஜாஸ்தி. முட்டை சேக்குறது பத்து நாளைக்கு மேல வேணாம்.

9 செப்டம்பர் 2023

சந்தையில எடுக்கலாமான்னு ஒரு தம்பி கேட்டிருக்காப்ல. எடுக்கலாம், கண்ணு வேணும்.

நம்ம திண்டுக்கல் மாவட்டத்துல அய்யலூர் வியாழக்கிழமை சந்தைதான் பெருசு. ஆடும் கோழியும் குமியும், விடியறதுக்கு முன்னாடியே யாவாரம் ஓட ஆரம்பிச்சுரும். எட்டு மணிக்கு ஆற அமர டீ குடிச்சிட்டுப் போனா மிச்சம்தான் கிடைக்கும். சேலம் பக்கத்து ஆளுங்களுக்கு கொங்கணாபுரம் சனிச்சந்தை இருக்கு. ரெண்டுலயும் சேவல் கொண்டு வர்றவங்க மூணு விதம். மொதல்ல யாவாரி, ஊர் ஊரா போயி கிலோ கணக்குல வாங்கிட்டு வந்து காலக் கட்டி தலகீழா தொங்கவிட்டிருப்பாரு, அவருகிட்ட வயசு கேட்டு பிரயோஜனம் இல்ல, நீங்க என்ன வயசு எதிர்பாக்குறீங்களோ அதையே சொல்லுவாரு. ரெண்டாவது கட்டுச்சேவல், அதான் சண்டைச்சேவல் ஆளுங்க. அந்தப் பக்கம் காகம், கீரி, நூலான், மயிலுன்னு கலர் பேச்சுதான், வெல ஆயிரக்கணக்குல. கண்காட்சிக்கு வளக்குற கிளிமூக்கு விசிறிவாலு ஜாதி பக்கம் போனா இன்னும் மேல. நமக்கு அது வேணாம். மூணாவதா ஓரமா ஒரு கூடையில ரெண்டே ரெண்டு கோழியோட ஒரு அம்மா உக்காந்திருப்பாங்க, வீட்டுக்கு ஏதோ செலவு, அதுக்கு வந்திருக்கும். உங்க சேவல் இருந்தா அந்தக் கூடையிலதான் இருக்கும்.

எடைக்கு வாங்குனா தீனிப்பையத் தடவிப் பாருங்க. கழுத்துக்குக் கீழ மாங்கா சைசுக்கு புடைச்சு நின்னா கம்பும் களியும் திணிச்சுக் கொண்டாந்திருக்காங்க. அதுக்கும் சேத்து காசு குடுப்பீங்க.

10 செப்டம்பர்

"ஓடி ஓஞ்ச கட்டுச்சேவல், பிரீடரா தர்றாங்க, வாங்கலாமா"

வீட்டுல சின்னப்புள்ளைங்க இருந்தா வேணாம். சண்டைக்குன்னே பழக்குனது ஆள் கால்லயும் பாயும், காலுக்குப் பின்னாடி முள்ளு அர விரல் நீளத்துக்கு இருக்கும், குழந்தை மூஞ்சி உயரத்துக்கு எகிறும். வேற சேவலக் கண்டாலும் அடங்காது. அதுபோக சண்டையில ஒரு கண்ணு, உள்காயம்னு எதாவது போயிருக்கும், அதனாலதான் பிரீடர்னு பேரு மாறி வெளிய வருது. விதிவிலக்கு உண்டு. உங்க வீட்டுக்கு அந்த விதிவிலக்குதான் வருமா?

20 செப்டம்பர் 2023

புரட்டாசி பொறந்தாச்சு. சேவல் தேடுறவங்களுக்கு இதவிட நல்ல மாசம் இல்ல. பாதி ஊரு கறி சாப்பிடாது, யாவாரி வண்டி வராது, போன மாசம் கிலோ 450 ரூபாய் சொன்னவங்க இறங்கிப் பேசுவாங்க. ஐப்பசி வந்துட்டா தீவாளி வந்துரும், அப்ப வீட்டுல நிக்கிற சேவல் பூராம் ஒண்ணு சந்தைக்குப் போகும், இல்ல சட்டிக்குப் போகும். தீவாளி முடிஞ்சு தேடப் போனா வெடச்சேவலுங்கதான் நிக்கும், முத்துனது நிக்காது. அதனால இந்த நாலு வாரத்துல தேடுங்க. கார்த்திகையிலயும் மாலை போடுறதால வெல கொஞ்சம் இறங்கும், ஆனா அப்ப மழையும் பனியுமா சளி புடிச்ச கோழி நெறைய இருக்கும்.

27 செப்டம்பர் 2023

இப்ப நான் சொல்ல வந்த மெயின் விசயத்துக்கு வர்றேன். கொஞ்சம் நீளும்.

நல்ல சேவல் வெச்சிருக்கிறவன் எதுக்கு விப்பான்? இத யோசிக்காமத்தான் எல்லாரும் சந்தை சந்தையா அலையிறோம். ரெண்டு வயசுல, பொலிக்கு நல்லா நிக்கிற, பருந்து வந்தா கொரல் குடுக்குற, புள்ளைங்கள மொத்தாத ஒரு சேவல எவனும் சும்மா விக்க மாட்டான். விக்கிறான்னா காரணம் இருக்கும். ஒண்ணு அதுல கொறை இருக்கணும், மிதிக்காது, இல்ல ஆள மொத்தும், இல்ல முட்டைய ஒடைச்சுக் குடிக்கும். இல்லன்னா அவசரச் செலவா இருக்கணும். இதத் தவிர மூணாவதா ஒரு காரணம் இருக்கு, நாம தேட வேண்டியது அதத்தான்.

ஒரு சேவல் ஒரே வீட்டுல ஒரு வருசம், ஒண்ணர வருசம் நின்னா அந்த வீட்டுல பொரிச்ச வெடக்கோழி எல்லாம் அதுக்கு மகளாயிரும். வெடை ஆறேழு மாசத்துல முட்டைக்கு வந்துரும். அப்புறம் அப்பனே மகள மிதிச்சா, ஒரு தலமுறையில பெருசா தெரியாது, அடுத்தடுத்து போகப் போக பொரிப்பு கொறையும், குஞ்சு சூம்பிப் போகும், கால் வளைஞ்சது, அலகு கோணுனதுன்னு வரும். கோழி வளக்குற பழைய ஆளுங்களுக்கு இது நல்லாத் தெரியும், "ரத்தம் மாத்தணும்"னு சொல்லுவாங்க. ஆக அந்த வீட்டுல சேவல் மேல ஒரு கொறையும் கிடையாது, ஆனாலும் அது அங்க இருக்கக் கூடாது. வெளியேத்துறதுக்கு அவங்களுக்குத் தெரிஞ்ச வழி தீவாளிக்கு அடிக்கிறதுதான். அதுக்கு முன்னாடி நீங்க போயி நிக்கணும்.

அதனால சேவல் எங்க இருக்குன்னு விசாரிக்காதீங்க. எந்த வீட்டுல வெடக்கோழி முட்டைக்கு வந்து கேறிட்டுத் திரியுதுன்னு விசாரிங்க. பால் ஊத்துறவரு, மொளகா வத்தல் வாங்க வர்றவரு, நூறு நாள் வேலைக்குப் போறவங்க, இவங்களுக்கு ஊர்ல ஒவ்வொரு வீட்டுக் கோழியும் அத்துபடி.

இப்ப எங்க வீட்டுல நிக்கிற செவலைச் சேவல் அப்படி வந்ததுதான். நத்தம் ரோட்டுல ஒரு கிராமம், சொந்தக்காரங்க வீட்டு விசேசத்துக்குப் போன எடத்துல பக்கத்து வீட்டு வாசல்ல பாத்தேன். அந்த ஆத்தா ஒரு கை கம்பு அள்ளி வீசுச்சு. சேவல் ஓடி வந்து ஒரு மணிய அலகுல எடுத்துச்சு, கீழ போட்டுச்சு, திரும்ப எடுத்துச்சு, போட்டுச்சு, தொண்டைக்குள்ளயே குக்குக்குக்குன்னு ஒரு சத்தம், பெட்டைங்க எல்லாம் வந்து சுத்தி நின்னு பொறுக்குது, இது தலையத் தூக்கி வானத்தப் பாத்துட்டு நிக்குது. கடைசியாத்தான் ரெண்டு மணி தின்னுச்சு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். பக்கத்துலயே இன்னொரு கருஞ்சேவல் இன்னும் தாட்டியமா நின்னுச்சு, வெல கேட்டா "ஏய்யா அது கருப்பனுக்கு நேந்துவிட்டது, அதப் பத்திப் பேசாத"ன்னுட்டாங்க. சரி ஆத்தா, இந்த செவலை?

"இதையும் விக்கிறதுக்கில்ல. வெடையெல்லாம் முட்டைக்கு வந்துருச்சு, இது அதுகளுக்கு அப்பன்ல. ஒன் வீட்டுச் சேவக்குஞ்சு ஒண்ணக் கொண்டா, இதத் தூக்கிட்டுப் போ."

அவ்வளவுதான் யாவாரம். நம்ம வீட்டுல சும்மா கூவிக்கிட்டு பெட்டைங்ககிட்ட அடி வாங்கிட்டு இருந்த ஆறு மாச வெடச்சேவல் அங்க போயி அந்த வெடைங்களோட ஜோடி வயசு, அதுங்க அடிக்காது, ரத்தமும் வேற. ரெண்டு வீட்டுக்கும் லாபம், பணமே கை மாறல. மேக்கொண்டு ஒரு கிலோ சீனியும் ஒரு பாக்கெட் டீத்தூளும் வாங்கிட்டுப் போனேன், அது மரியாதைக்கு.

ஒட்டன்சத்திரத்துக்காரரே, உங்க வெடச்சேவல விக்காதீங்கன்னு சொன்னது இதுக்குத்தான்.

28 செப்டம்பர்

"நேந்துவிட்ட சேவல கூடுதல் காசு குடுத்துக் கேட்டா?"

கேக்காதீங்க. அப்புறம் அந்தத் தெருவுல உங்களுக்கு முட்டை கூட குடுக்க மாட்டாங்க. கோயில்ல உசுரோட காணிக்கையா விட்ட சேவல ஏலம் விடுற எடங்கள் இருக்கு, அங்க எடுக்கலாம், அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அதுவும் பல ஊரு கோழி ஒண்ணா நிக்கிற எடம்தான், கறிக்கடைக்கு சொன்னது அதுக்கும் பொருந்தும். தனியா வெச்சுப் பாத்துட்டுத்தான் கூட விடணும்.

8 அக்டோபர் 2023

சேவல் கைக்கு வந்தா என்ன பாக்கணும்னு ரெண்டு மூணு பேரு கேட்டாச்சு. நான் பாக்குற முறையச் சொல்றேன், கட்டுச்சேவல் ஆளுங்க இன்னும் நூறு லட்சணம் சொல்லுவாங்க, அது அவங்க கணக்கு.

மொத வேலை, தூக்காதீங்க. தள்ளி நின்னு பாருங்க. தீனி போடச் சொல்லி நான் மேல சொன்ன மாதிரி பெட்டைய கூப்புடுதான்னு பாருங்க. தீனியப் பாத்ததும் பெட்டையக் கொத்தி வெரட்டிட்டு தான் மட்டும் திங்கிற சேவல் வீட்டுக்கு வேணாம். அப்புறம் நட. ஒரு கால நொண்டுனா பாதத்துல ஆணி இருக்கும், ஒரு கால் ஊனி நிக்க முடியாத சேவல் பெட்டை மேல ஏறுனா சறுக்கும், கரு எப்பிடிக் கூடும்.

வயசுக்கு முள்ளு. ஒரு வயசு வரைக்கும் காலுக்குப் பின்னாடி மொக்கு மாதிரி, மிஞ்சிப்போனா அர இன்ச். ரெண்டு வயசுல நல்லா கூரா இன்ச் கணக்குல வந்திருக்கும், அதுக்கு மேல போனா நுனி வளைய ஆரம்பிக்கும். ஆனா இத மட்டும் வெச்சு முடிவு கட்டாதீங்க, ஜாதிக்கு ஜாதி மாறும், முள்ள ராவி சின்னதாக்கி இளசுன்னு விக்கிறவங்களும் இருக்காங்க, நுனி மழுங்கி வெள்ளையா இருந்தா ராவுனதுதான். கால் செதிலையும் சேத்துப் பாருங்க. இளசுல செதில் வழவழன்னு ஒட்டிக் கெடக்கும், வயசாக ஆக தடிச்சு சொரசொரன்னு ஆகும். செதில் தூக்கிட்டு சுண்ணாம்பு அப்புன மாதிரி இருந்தா அது வயசு இல்ல, செதிலுக்கு உள்ள பூச்சி. எண்ணெய் விட்டு விட்டு தடவுனா சரியாயிரும், ஆனா மத்த கோழிக்குப் பரவும்.

அப்புறம் கையில எடுங்க. நெஞ்செலும்பு கத்தி மாதிரி கைய அறுத்தா உள்ள சீக்கோ புழுவோ இருக்கு. மூக்க லேசா அமுக்குங்க, தண்ணி வந்தாலோ நாத்தம் அடிச்சாலோ சளி. கண்ணுல நுரை கூடாது. றெக்கைக்கு அடியிலயும் வாலுக்குக் கீழயும் முடிய ஊதிப் பாத்தா செள்ளு ஓடுறது தெரியும், செள்ளு இருந்தா மருந்து இருக்கு, அதுக்காக நல்ல சேவல விட வேணாம். ஆசனவாயச் சுத்தி வெள்ளையா பச்சையா காஞ்சு ஒட்டியிருந்தா கீழ வெச்சுட்டுக் கையக் கழுவிட்டு வந்துருங்க. கொண்டை சும்மா செவப்பா இருக்குன்னு மயங்காதீங்க, தேங்காயெண்ணெய் தடவுனா எல்லாக் கொண்டையும் பளபளக்கும், தொடச்சுட்டுப் பாருங்க.

8 அக்டோபர், கொஞ்ச நேரம் கழிச்சு

ஒரு வீட்டுல மூணு நாலு சேவல் நின்னா எது தலைவன்னு கண்டுபுடிக்க ஒரு வழி. விடியக்காலம் போங்க, மொதல்ல கூவுறது எதுன்னு பாருங்க. ஜப்பான்ல நகோயா பல்கலைக்கழகத்துக்காரங்க இத வேல மெனக்கெட்டு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. 2013ல, சேவல் வெளிச்சத்தப் பாத்துக் கூவல, உடம்புக்குள்ளயே ஒரு கடிகாரம் இருக்குன்னு சொன்னாங்க. 2015ல, ஒரே எடத்துல இருக்கிற சேவல்ல பெரியவந்தான் மொதல்ல கூவும், மத்ததெல்லாம் அந்தஸ்து வரிசையில பின்னாடி கூவும்னு சொன்னாங்க. எங்க பக்கத்து வீட்டுக்காரரு காலையில மூணர மணிக்கே கூவுதுன்னு சண்டைக்கு வந்தப்ப இந்தக் கடிகாரக் கதைய எடுத்துச் சொன்னேன். ஜப்பான்காரன் கண்டுபுடிச்சான்னா அவன் வீட்டுலயே கொண்டு விடுங்கன்னுட்டாரு. இப்ப ராத்திரில கூட்டுக்கு மேல சாக்கு போட்டு மூடுறேன், சத்தம் கொஞ்சம் அமுங்குது, வாரம் நாலு முட்டை அவரு வீட்டுக்குப் போகுது.

15 அக்டோபர் 2023, கேள்வி கேட்டவர் போட்டது

மாத்திட்டேன்ணே. கள்ளிமந்தயம் பக்கம், சித்தி மாமியார் வீடு. வெடை அஞ்சு முட்டைக்கு வந்து நிக்குது, சேவல என்ன பண்றதுன்னு அவங்களே யோசிச்சுட்டு இருந்தாங்க. என் பயல விட்டுட்டு அத எடுத்துட்டு வந்தாச்சு. முள்ளு ஒரு இன்ச்சு இருக்கு. இன்னைக்கே பெட்டையோட விடலாமா?

15 அக்டோபர்

விடாதீங்க! சொந்தக்காரங்க வீட்டுக் கோழின்னாலும் அதே சட்டம்தான். மூணு வாரம், முடிஞ்சா நாலு வாரம் தனியா. வீட்டுக்கு அந்தப் பக்கம், வேற தண்ணிச் சட்டி, தீனி வெக்கப் போறப்ப மொதல்ல உங்க கோழி, கடைசியா இது. சேவல் பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா சில சளி நோயெல்லாம் வெளிய காட்டாமலே சுமந்துட்டுத் திரியும், எடம் மாறுன அலுப்புல ரெண்டாவது வாரம் வெளிய வரும். அதுக்குள்ள குடல்புழுவுக்கு மருந்து குடுத்துருங்க, கால்நடை ஆஸ்பத்திரியில கேட்டா எடைக்குத் தக்கன சொல்லுவாங்க. வெள்ளைக்கழிச்சல் ஊசி போட்டதான்னு சித்தி மாமியார்கிட்ட கேளுங்க. போடலன்னா தனியா நிக்கிறப்பவே போடுங்க, ஒடம்பு சரியில்லாத மாதிரி தெரிஞ்சா போடாதீங்க, உள்ள ஏற்கனவே நோய் வந்துட்டா ஊசி காப்பாத்தாது.

5 நவம்பர் 2023

எப்பிடிச் சேக்குறதுன்னு கேட்டதுக்கு. மொத ஒரு வாரம் பஞ்சாரத்துல போட்டு பெட்டைங்க மேயிற எடத்துலயே வெச்சுருங்க. கண்ணுல பட்டு பழகட்டும். அப்புறம் ஒரு நாள் ராத்திரி எல்லாம் அடைஞ்சதுக்கப்புறம் கூட்டுக்குள்ள விட்டுருங்க, காலையில ஒண்ணா எறங்கும், சண்டை கம்மி. நேத்து வரைக்கும் ராஜ்ஜியம் பண்ண பெரிய பெட்டை ஒண்ணு நெஞ்ச நிமித்திட்டு வரும், ரெண்டு கொத்து குடுக்கும், முத்துன சேவல் ஒரு றெக்கைய எறக்கி அதச் சுத்தி ஒரு ஆட்டம் ஆடும், முடிஞ்சுச்சு. வெடச்சேவலுக்கு இந்த ஆட்டம் தெரியாது, நேரா மேல பாய்வான், அதான் அடி.

எட்டு பெட்டைக்கு ஒரு சேவல் சரியான கணக்கு. பத்து வரைக்கும் தாங்கும். மூணு பெட்டை மட்டும் வெச்சிருக்கிறவங்க முத்துன சேவல் விட்டா பெட்டைங்க முதுகு மொட்டையாயிரும்.

10 நவம்பர் 2023

நேத்து அய்யலூர் தீவாளிச் சந்தை. சேவல் வாங்கப் போகல, ஆடு வாங்கப் போன மாமாவோட போனேன். வண்டி நிறுத்த எடம் கிடையாது. புரட்டாசியில நான் பாத்த மாதிரி சேவலுக்கு ஒண்ணர மடங்கு வெல, அதுவும் கேட்டவொடனே தூக்கிட்டாங்க. ஒரு அருமையான வெள்ளைச் சேவல், ரெண்டு வயசு, முள்ளு கூரா நின்னுச்சு, கறிக்குப் போகுது. வாங்கிருவோமான்னு கை துறுதுறுங்குது, வீட்டுல ஏற்கனவே ஒண்ணு நிக்குது, ரெண்டு தலைக்கு எடமில்ல. பாத்துட்டு வந்துட்டேன்.

17 டிசம்பர் 2023

பெருவிடைச் சேவல் (பெரிய ஜாதி நாட்டுச்சேவல், சின்ன ஜாதி சிறுவிடை) விட்டா குஞ்சு பெருசா வரும்னு ஒருத்தர் எழுதியிருக்கீங்க. நானும் ரொம்ப நாளா அப்பிடித்தான் சொல்லிட்டு இருந்தேன், இப்ப அவ்வளவு உறுதியாச் சொல்ல மாட்டேன். குஞ்சு பெருசா வரும், வாஸ்தவம். ஆனா ஒண்ணேகால் கிலோ சிறுவிடைப் பெட்டை மேல நாலு கிலோ சேவல் ஏறுனா என்ன ஆகும்? எங்க அத்தை வீட்டுல ஒரு பெட்டைக்கு றெக்கைக்குக் கீழ தோலு கிழிஞ்சு தொங்கிச்சு, முள்ளு பட்டது. முடி மறைச்சிருந்ததால ஈ மொய்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரியல. மஞ்சள் வெச்சு எப்பிடியோ தேறுச்சு. கனத்த சேவல் சுறுசுறுப்பாவும் மிதிக்காது, வெயில் காலத்துல நிழல விட்டு நகராது.

சிறுவிடைக்கு ரெண்டு கிலோ சுத்தி உள்ள சேவலே போதும். இன்னொண்ணு யாரும் யோசிக்கிறதில்ல, அடைக்கு உக்கார்ற குணம் தாய் வழியா மட்டும் வர்றது இல்ல, சேவல் வழியாவும் வரும். முட்டைக்குன்னு உருவாக்குன கலப்புச் சேவல விட்டா அடுத்த தலமுறைப் பெட்டை நல்லா முட்டை வைக்கும், அடைக்கு உக்காராது. அப்புறம் இன்குபேட்டருக்கு அலையணும். கறிக்கும் முட்டைக்கும்தான் வளக்குறீங்கன்னா பரவால்ல. குஞ்சு தானா வரணும்னா சேவல் பொறந்த வீட்டுல அதோட அம்மா அடை உக்காந்துச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. மாத்தி எடுக்குறதுல இது ஒரு சௌகரியம், அம்மாக்காரி அங்கயே மேஞ்சுட்டு இருப்பா, சந்தையில இத யாருகிட்ட கேப்பீங்க.

19 டிசம்பர்

முள்ளு நீளமா இருந்தா நுனிய மட்டும் அரத்தால ராவி விடுங்க. அடி வரைக்கும் வெட்டாதீங்க, உள்ள ரத்தம் ஓடுது.

12 ஜனவரி 2024

புதுச் சேவலோட குஞ்சுதான் வேணும், பழையதோட கரு கலந்துருமான்னு கேள்வி. கலக்கும். பெட்டை உடம்புக்குள்ள சேவலோட வித்து தங்கி இருக்கும், சேவல எடுத்த பிறகும் ரெண்டு வாரம் வரைக்கும், சில நேரம் மூணு வாரம் வரைக்கும் கரு உள்ள முட்டை வரும். அதனால பழசு போயி மூணு வாரம் கழிச்சு வர்ற முட்டைய அடைக்கு எடுங்க. ஒட்டன்சத்திரத்துக்காரருக்கு இந்தக் கவலை இல்ல, அவரு தனியா வெச்ச நாள்லயே அது கழிஞ்சு போச்சு.

ஏழாவது நாள் ராத்திரி செல்போன் டார்ச்ச முட்டையோட தடிச்ச பக்கத்துல வெச்சுப் பாத்தா செவப்பா நரம்பு பிரிஞ்சு ஓடும், நடுவுல ஒரு புள்ளி அசையும். வெறும் மஞ்சளா தெரிஞ்சா எடுத்துருங்க. எங்க அம்மா டார்ச்ச நம்ப மாட்டாங்க. அடைக்கூடையில கரித்துண்டு, ஒரு ஆணி, ரெண்டு வரமொளகா போட்டாத்தான் இடி தாக்காதுன்னு இன்னைக்கும் போடுவாங்க. நான் டார்ச் அடிக்கிறேன், அவங்க மொளகா போடுறாங்க, குஞ்சு ரெண்டு பேருக்கும் பொதுவா பொரிக்குது.

16 ஜனவரி 2024

பொங்கல் லீவுல சேவக்கட்டுப் பேச்சு இந்தப் பக்கம் வந்துருச்சு, கரூர் பக்கம் சேவக்கட்டு நடக்குற பூலாம்வலசு, அது இதுன்னு. இங்க வேணாம் தம்பிகளா. கோர்ட்டு, போலீசுன்னு அதுக்கு ஆயிரம் வழக்கு இருக்கு. கிளிமூக்கு கண்காட்சிக்குப் போறவங்க போங்க, நானும் திண்டுக்கல்ல நடந்தப்ப வேடிக்கை பாக்கப் போயிருக்கேன், பல்லக்குல வெக்காத கொறையா வளத்திருக்காங்க. வீட்டுப் பெட்டைக்கு ஜோடி தேட அது எடமில்ல.

4 பிப்ரவரி 2024

கோழிக்கழிச்சல் (வெள்ளைக்கழிச்சல்தான்) தடுப்பூசி முகாம் வழக்கமா இந்த மாசம்தான் ஊர் ஊரா போடுவாங்க, காசு கிடையாது. காலையில கோழியத் தெறந்து விடுறதுக்கு முன்னாடி போடணும், தெறந்து விட்டுட்டு டாக்டர் வந்தப்புறம் தெரு பூரா வெரட்டுறது பரிதாபமா இருக்கும். எட்டு வாரத்துக்கு மேல உள்ளதுக்கு றெக்கையில போடுற ஊசி. போட்டதும் பெட்டை சில நாள் முட்டை கொறைக்கும், பயப்பட வேணாம். வெயில் காலம் வர்றதுக்கு முன்னாடி போட்டுடணும், வெள்ளைக்கழிச்சல் கோடையிலதான் தெருத் தெருவா அள்ளிட்டுப் போகும். கோடையில கரு கூடுறதும் கொறையும், அதுக்கு சேவல மாத்தாதீங்க, நிழலும் தண்ணியும் குடுங்க.

11 பிப்ரவரி 2024, கேள்வி கேட்டவர்

பதிமூணு வெச்சதுல பதினொண்ணு பொரிச்சிருக்குண்ணே. ஒண்ணு பாத்ரூம் பக்கெட்டுல விழுந்துருச்சு, பத்து நிக்குது. சித்தி மாமியார் வீட்டுல என் பய இப்ப நல்லா தாட்டியமாயிட்டானாம், திருப்பிக் குடுங்கன்னா தர மாட்டேங்குறாங்க.

11 பிப்ரவரி

எப்பிடித் தருவாங்க, அவன் இப்ப அங்க மாப்பிள்ளை.

பத்து குஞ்சுலயும் பெட்டை எதுன்னு தெரிஞ்சதும் குறிச்சு வெச்சுக்குங்க. அடுத்த ஆவணி புரட்டாசிக்கு அதுங்க முட்டைக்கு வரும், அப்ப உங்க சேவல் கிளம்பணும். அதுக்கு இப்பவே வேற ஊர்ல ஒரு வீடு பாத்து வைங்க. கள்ளிமந்தயத்துலயே திரும்ப மாத்துனா உங்க ரத்தமே உங்களுக்கு வந்து சேரும், அங்க நிக்கிறது உங்க பயலோட புள்ளைங்க.

3 மார்ச் 2024

எங்க வீட்டுலயும் அதே நெலமை. செவலையோட மகளுங்க நாலு வெடை கேற ஆரம்பிச்சுருச்சு. சேவலுக்கு ரெண்டரை வயசுக்கு மேல இருக்கும், இன்னும் ஒரு வருசமாவது நல்லா நிக்கும், ஆளத் தொடாது, பருந்துக்கு கொரல் குடுக்கும். வடமதுரை, எரியோடு, வேடசந்தூர் பக்கம் யாருகிட்டயாவது ஆறு ஏழு மாச வெடச்சேவல் இருந்தா மாத்திக்கலாம். சிறுவிடையா இருக்கணும், அம்மா அடை உக்காந்து பொரிச்சதா இருக்கணும், ஊசி போட்டிருக்கணும். கறிக்குன்னு கேக்குறவங்க எழுதாதீங்க. காசு வேணாம், டீத்தூள் உங்க இஷ்டம்.